புதிய ஏற்பாட்டில் 'யூதர்' என்னும் சொல்: படிப்படியாக வாசித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய ஏற்பாட்டு நூல்கள் யூதரை எவ்வாறு சித்திரிக்கின்றன என்று அறிய விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் திறப்பது மத்தேயு 27:25 அல்லது யோவான் 8:44. அங்கே தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் தடுமாறுவதை வேதபாட வகுப்புகளில் தொடர்ந்து கண்டிருக்கிறேன். கடுமையான ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, அதில் வரும் 'யூதர்' என்ற சொல்லுக்குத் தாம் முன்பே மனத்தில் வைத்திருந்த பொருளைப் பொருத்தி, மற்ற வசனங்கள் எல்லாவற்றையும் அந்தப் பொருளின் கீழ் அடுக்கிவிடுகிறார்கள். அவ்வாறு அடுக்கியபின் எந்த வசனமும் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி வேறு வரிசையில் செல்கிறது. முதலில் நூல்களின் காலம், அடுத்துச் சொல்லின் பொருள், அதன்பின் பேசுகிறவர் யார் என்ற கேள்வி, இவை முடிந்த பிறகே கடுமையான வசனங்கள். விசுவாசத்தோடு வாசிப்பவருக்கும் வரலாற்று ஆர்வத்தோடு வாசிப்பவருக்கும் படிகள் ஒன்றே.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் தேவை. புரொட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பும், கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியமும் இருந்தால் போதுமானது. ஒரே மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டால், மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவை மூல ஆசிரியரின் முடிவாக எண்ணிவிடுவோம். இரண்டு வேறுபடுகிற இடங்களே நின்று பார்க்கவேண்டிய இடங்கள்.

'யூதர்', 'இஸ்ரவேல்', 'பரிசேயர்', 'ஜனங்கள்' ஆகிய சொற்கள் வரும் இடங்களைத் தேடித்தரும் ஒரு சொல்லடைவோ, தேடல் வசதியுள்ள வேதாகமச் செயலியோ வேண்டும். தமிழில் நீங்கள் எண்ணும் எண்ணிக்கை கிரேக்க மூலத்தின் எண்ணிக்கையோடு முற்றிலும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர்கள் சில வேளைகளில் 'அவர்கள்' என்ற இடத்தில் பெயரையும், பெயர் வரும் இடத்தில் 'அவர்கள்' என்றும் எழுதுவதுண்டு.

ஒரு நோட்டுப்புத்தகத்தில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: வசனம், பேசுகிறவர், கேட்கிறவர், 'யூதர்' என்று குறிக்கப்படுபவர் யார். நான்காம் பத்தியைக் கடைசியில்தான் நிரப்பவேண்டும். முதலிலேயே நிரப்புகிறவர்கள் மற்ற மூன்றையும் அதற்கு ஏற்றபடி வளைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு ஆயத்தம் மனத்தில் செய்யவேண்டியது. தமிழ்க் காதுக்கு 'யூதாஸ்' என்ற பெயரும் 'யூதர்' என்ற சொல்லும் மிக நெருக்கமாக ஒலிக்கின்றன. துரோகிக்கு 'யூதாஸ்' என்று பெயர் வைத்துப் பழகிய சூழலில் அந்த நெருக்கம் நமக்குத் தெரியாமலேயே வேலை செய்கிறது. யூதாஸ் என்பது அக்காலத்து யூதரிடையே மிகச் சாதாரணமான பெயர். இயேசுவின் சகோதரர்களில் ஒருவருக்கும் அதே பெயர்தான் என்று மாற்கு 6:3 சொல்கிறது. அதுபோலவே, சபைகளில் மாய்மாலக்காரனுக்கு மறுபெயராக வழங்கும் 'பரிசேயன்' என்ற சொல்லையும், வாசிப்பு முடியும்வரை ஒரு சமயக் குழுவின் பெயராக மட்டுமே வைத்திருங்கள்.

2. நூல்களை எழுதப்பட்ட காலத்தின்படி வரிசைப்படுத்துங்கள்

அச்சிட்ட வேதாகமத்தில் மத்தேயு முதலில் வருகிறது. பவுலின் கடிதங்கள் பிறகு வருகின்றன. எழுதப்பட்ட வரிசை அதுவன்று. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் கணக்கின்படி, பவுலின் கடிதங்கள் கி.பி. 50ஐ ஒட்டித் தொடங்கி அந்தப் பத்தாண்டுகளில் எழுதப்பட்டவை. மாற்கு 70ஐ ஒட்டியும், மத்தேயுவும் லூக்காவும் 80க்கும் 90க்கும் இடையிலும், யோவான் அந்நூற்றாண்டின் இறுதியிலும் எழுதப்பட்டன.

இந்த வரிசையின் நடுவில் ஒரு கோடு இழுத்து 'கி.பி. 70' என்று எழுதுங்கள். அந்த ஆண்டில்தான் தீத்துவின் தலைமையில் ரோமப் படை எருசலேமைப் பிடித்து ஆலயத்தை அழித்தது. ஆலயம் போனபின், பிரதான ஆசாரியரையும், ஆலயத்தைச் சார்ந்திருந்த குழுவினரான சதுசேயரையும் சுற்றியிருந்த அதிகாரம் குலைந்தது. வேதத்தை விளக்கும் மரபைக் கையில் வைத்திருந்தவர்கள், அதாவது பரிசேயரின் வழிவந்தவர்கள், மெல்ல முன்னுக்கு வந்தார்கள். மத்தேயுவில் பரிசேயர்மேல் இவ்வளவு சூடு ஏன் என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது: இயேசுவின் காலத்தை எழுதும் ஆசிரியர் தம் காலத்து அயலாரோடும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் படியில் பலரும் செய்யும் பிழை, 'கிறிஸ்தவர்' எதிர் 'யூதர்' என்ற இருமையை 30ஆம் ஆண்டுக்கே கொண்டுபோவது. 'கிறிஸ்தவர்' என்ற சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் மூன்றே இடங்களில் வருகிறது: அப்போஸ்தலர் 11:26, 26:28, 1 பேதுரு 4:16. நான்கு சுவிசேஷங்களில் ஓரிடத்திலும் இல்லை. இயேசு, அவருடைய தாய், பன்னிருவர், பவுல் ஆகிய எல்லோரும் யூதர். இது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் வாசிக்கும்போது மறந்துபோகிற செய்தியும் இதுவே.

3. சொல்லுக்குள் இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரியுங்கள்

கிரேக்கத்தில் 'யூதாயோஸ்' என்ற சொல் யூதேயா நாட்டான் என்றும் பொருள்படும். யூத மக்களைச் சேர்ந்தவன், அவர்களுடைய தேவனையும் சட்டத்தையும் பின்பற்றுகிறவன் என்றும் பொருள்படும். தமிழில் 'யூதேயர்' என்றும் 'யூதர்' என்றும் நாம் பிரிக்க முடிந்ததை அந்த ஒரே சொல் சேர்த்து வைத்திருக்கிறது.

நாட்டை மட்டும் குறிக்கும் சொல் என்று சுருக்கிவிடவும் கூடாது. எஸ்தர் 2:5இல் சூசான் நகரத்தில் வாழும் மொர்தெகாய் 'யூதன்' எனப்படுகிறார். அவரோ பென்யமீன் கோத்திரத்தார். அதே கோத்திரத்தைச் சேர்ந்த பவுல், தர்சு பட்டணத்தில் பிறந்தவர், அப்போஸ்தலர் 22:3இல் தம்மை யூதன் என்றே அறிமுகப்படுத்துகிறார். ஊரும் கோத்திரமும் வேறாயிருந்தும் பெயர் பொருந்துகிறது.

இதற்குப் பக்கத்தில் 'இஸ்ரவேல்' என்ற சொல்லை வையுங்கள். அக்கால யூதர் தம்மைத் தேவனுக்கு முன்பாகவும் தமக்குள்ளும் அழைத்துக்கொள்ளும் பெயர் அது. 'யூதர்' என்பது பெரும்பாலும் வெளியார் அழைக்கும் பெயர், அல்லது வெளியாரோடு பேசும்போது பயன்படும் பெயர். இதை மாற்கு 15இல் சோதித்துப் பாருங்கள். ரோம ஆளுநனான பிலாத்துவும் போர்ச்சேவகரும் 'யூதருடைய ராஜா' என்கிறார்கள். சிலுவையின்மேல் எழுதியதும் அதுவே. ஆனால் 15:32இல் பிரதான ஆசாரியர் பரியாசம் பண்ணும்போது 'இஸ்ரவேலுக்கு ராஜா' என்கிறார்கள். ஒரே பட்டம், ஒரே மனிதர், சொல் மட்டும் மாறுகிறது. மாற்றியது பேசுகிறவர் நிற்கும் இடம்.

4. பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று எழுதுங்கள்

இப்போது எண்ணத் தொடங்குங்கள். எளிதான மத்தேயுவில் ஆரம்பிப்பது நல்லது. அங்கே இச்சொல் ஐந்தே இடங்களில் வருகிறது. 2:2இல் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள், 27:11இல் பிலாத்து, 27:29இல் சேவகர், 27:37இல் சிலுவையின் எழுத்து. இந்த நான்கும் புறஜாதியார், அதாவது யூதர் அல்லாதவர்கள், வாயிலிருந்தும் கையிலிருந்தும் வருபவை. ஐந்தாவதான 28:15இல் மட்டும் ஆசிரியர் தம் சொந்தக் குரலில், ஒரு கதை யூதருக்குள்ளே 'இந்நாள்வரைக்கும்' வழங்கிவருகிறது என்கிறார். அந்த ஓர் இடத்தில் கோடிடுங்கள். மத்தேயு தம் காலத்துக்கு வந்து பேசுவது அங்கே வெளிப்படையாகக் கேட்கிறது.

லூக்காவிலும் ஐந்தே. மாற்கில் 15ஆம் அதிகாரத்துக்கு வெளியே முக்கியமானது 7:3. அங்கே ஆசிரியர், பரிசேயரும் யூதர் அனைவரும் கைகழுவாமல் உண்பதில்லை என்று நின்று விளக்கம் சொல்கிறார். யூத வழக்கம் தெரியாதவர்களுக்காக அந்த நூல் எழுதப்பட்டது என்று அந்த விளக்கமே காட்டிவிடுகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று நம் வீட்டில் சொல்வோம். 'தமிழர்களின் அறுவடைத் திருநாளாகிய பொங்கல்' என்று வெளியாருக்குத்தான் சொல்வோம். 'யூதருடைய பஸ்கா' என்று யோவான் 2:13 சொல்லும்போதும் இந்தத் தூரத்தைக் கவனியுங்கள்.

இப்படியை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள், யோவானில் சுமார் 70 முறை வருகிறதென்று கண்டு திகைக்கிறார்கள். யார் யாரிடம் பேசினார் என்று எழுதாத எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

5. யோவானை மூன்று குவியலாகப் பிரியுங்கள், நான்காவதை ஒப்புக்கொள்ளுங்கள்

இது மிக நீளமான படி. ஓரிரு மாலைகள் ஒதுக்குங்கள். சுமார் 70 இடங்களையும் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் எழுதிக் குவியலாக்குவது எனக்கு எப்போதும் நன்றாக உதவியிருக்கிறது; காகிதத்தை ஒரு குவியலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போதுதான் ஐயங்கள் வெளிப்படும்.

முதல் குவியல், நன்மையாகவோ சாதாரணமாகவோ வரும் இடங்கள். 4:9இல் சமாரியப் பெண் இயேசுவையே 'நீர் யூதன்' என்கிறாள். 4:22இல் இயேசு, 'இரட்சிப்பு யூதர்கள் வழியாய் வருகிறது' என்கிறார். 11ஆம் அதிகாரத்தில் மார்த்தாளையும் மரியாளையும் தேற்ற வந்து கூடவே அழுகிறவர்கள் யூதர். அவர்களில் அநேகர் விசுவாசித்தார்கள் என்று 11:45 சொல்கிறது. 19:40இல் அடக்க முறைமை யூதருடையது.

இரண்டாம் குவியல், அதிகாரம் உள்ளவர்களைக் குறிக்கும் இடங்கள். 7:13ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 'யூதருக்குப் பயந்திருந்ததினாலே' ஒருவரும் அவரைக்குறித்துத் தாராளமாகப் பேசவில்லை. பேசாமலிருந்தவர்கள் யார்? எருசலேமில் கூடாரப் பண்டிகைக்கு வந்த மக்கள், அதாவது யூதர். யூதர் யூதருக்குப் பயந்தார்கள் என்றால், இரண்டாவது சொல் மக்கள் எல்லோரையும் குறிக்க முடியாது. 9:22இல் பிறவிக் குருடனாயிருந்தவனின் பெற்றோரும், 20:19இல் கதவுகளைப் பூட்டியிருந்த சீடர்களும் இதே நிலையில் இருப்பவர்கள்.

மூன்றாம் குவியல், யூதேயா என்ற நாடு முன்னுக்கு நிற்கும் இடங்கள். 7:1இல் இயேசு யூதேயாவைத் தவிர்த்துக் கலிலேயாவில் சஞ்சரித்தார் என்றும், காரணம் யூதர் அவரைக் கொல்ல வகைதேடினது என்றும் படிக்கிறோம். இங்கே 'யூதேயர்' என்று படித்தால் வாக்கியம் இயல்பாக நிற்கிறது.

இந்த மூன்றோடு நின்றுவிடலாம் என்று தோன்றும். வகுப்புகளில் இந்த இடத்தில்தான் ஒரு நிம்மதி பரவும்: கடுமையாக வரும் இடமெல்லாம் 'யூதத் தலைவர்கள்' என்று மாற்றிப் படித்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது என்று. தீரவில்லை. 6:41ஐயும் 6:52ஐயும் படியுங்கள். அங்கே முறுமுறுக்கிற 'யூதர்', கலிலேயாவில் அப்பம் புசித்த கூட்டத்தார். அவர்கள் தலைவர்களும் அல்லர், யூதேயா நாட்டாரும் அல்லர். இயேசுவை நம்பாத மக்களுக்கே ஆசிரியர் அந்தப் பெயரைக் கொடுத்துவிடுகிறார். இதுவே நான்காம் குவியல். இதை நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மொழிபெயர்ப்பில் சொல்லை மெதுவாக்கி இந்தக் குவியலை மறைத்துவிடலாம். ஆனால் மறைத்தபின், இந்தச் சுவிசேஷம் பல நூற்றாண்டுகள் ஏன் அப்படி வாசிக்கப்பட்டது என்பது விளங்காமலே போகும்.

ஆசிரியர் ஏன் அப்படி எழுதினார் என்பதற்கு நூலுக்குள்ளேயே ஒரு தடயம் உண்டு. 'ஜெபஆலயத்துக்குப் புறம்பாக்குதல்', அதாவது யூதர் கூடி வழிபடும் இடத்திலிருந்து நீக்குதல் என்பதைக் குறிக்கும் அரிய கிரேக்கச் சொல் ஒன்று 9:22, 12:42, 16:2 ஆகிய மூன்று இடங்களில் வருகிறது. தாங்கள் தள்ளப்பட்டோம் என்ற வலியை ஆசிரியரின் சமூகம் சுமந்திருந்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்; உண்மையில் அப்படிப்பட்ட நீக்கம் நடந்ததா, எவ்வளவு பரவலாக நடந்தது என்பதில் அவர்களுக்குள் உடன்பாடில்லை. வலி விளக்கம் ஆகலாம், நியாயம் ஆகிவிடாது.

இப்போது 8:44க்கு வரலாம். அங்கே 'நீங்கள் உங்கள் பிதாவாகிய பிசாசானவனால் உண்டானவர்கள்' என்று இயேசு சொல்வது யாரிடம்? உரையாடல் தொடங்கும் 8:31ஐப் பாருங்கள்: 'தம்மை விசுவாசித்த யூதர்களை நோக்கி.' மூன்றாம் பத்தியில் இதை எழுதும்போது வாசிப்பவர்கள் திகைப்பார்கள், திகைக்கவும் வேண்டும். அடுத்து, அதே மரபிலிருந்து வந்த 1 யோவான் 3:8இல், பாவஞ்செய்கிற எவனும் பிசாசினாலுண்டானவன் என்ற அதே தொடர் சபைக்குள்ளிருப்பவர்கள்மேல் வருவதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது ஓர் இனத்தின் பிறப்பைப்பற்றிய கூற்றல்ல, செயலைப்பற்றிய வாதச் சொல். இதைச் சொன்னபின் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும்: நாத்சி ஆட்சிக் கால ஜெர்மனியில், யூதரின் தகப்பன் பிசாசு என்ற வாசகம் பரப்புரையில் வெளிப்படையாக எழுதப்பட்டது. வசனத்தின் முதற்பொருளை அறிவது, அதன் பின்விளைவை அறியும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை.

6. மத்தேயுவில் உள்வீட்டுச் சண்டையின் மொழியை அடையாளம் காணுங்கள்

மத்தேயு 23ஐப் படிக்குமுன் ஏசாயா 1:10ஐப் படியுங்கள். அங்கே ஏசாயா எருசலேமின் ஆளுநர்களைச் 'சோதோமின் அதிபதிகளே' என்று விளிக்கிறார். அவரை யூத விரோதி என்று ஒருவரும் சொல்வதில்லை. தம் மக்களைத் தாமே கண்டிக்கும் தீர்க்கதரிசியின் குரல் அது. சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த சுருள்களில் ஒரு யூதக் குழு தன் எதிராளிகளை 'இருளின் மக்கள்' என்கிறது. யூத ரபிகளின் போதனைத் தொகுப்பாகிய தால்முது ஏழு வகைப் பரிசேயரை வரிசைப்படுத்தி, அவர்களில் பெரும்பாலோரைக் கேலியோடு கண்டிக்கிறது. இந்த மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டால்தான், 'மாயக்காரராகிய வேதபாரகரே, பரிசேயரே' என்ற சூட்டை அதன் வீட்டுக்குள் வைத்துக் கேட்க முடியும்.

அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டிச் செல்வது இங்கே வழக்கமான பிழை. 23:2இலும் 3இலும், அவர்கள் மோசேயின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைக் கைக்கொள்ளுங்கள் என்கிறது. போதனை நிராகரிக்கப்படவில்லை, நடத்தைதான் கண்டிக்கப்படுகிறது. லூக்கா 13:31இல் ஏரோது கொல்ல மனதாயிருக்கிறான் என்று இயேசுவை எச்சரிப்பவர்களும் பரிசேயரே. இந்த வசனத்தைப் பிரசங்கங்களில் நான் மிக அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

திராட்சத்தோட்ட உவமையில் 'யூதர்' என்ற சொல்லே இல்லை; ஆனாலும் இப்பொருளில் அது தவறாமல் இழுக்கப்படுகிறது. மாற்கு 12:1ஐ ஏசாயா 5ஓடு சேர்த்து வாசித்தால், தோட்டம் இஸ்ரவேல் என்பது தெரியும். அழிக்கப்படுவது தோட்டமல்ல, மாற்றப்படுகிறவர்கள் குத்தகைக்காரர்கள். அந்த உவமையைத் தங்களைக்குறித்துச் சொன்னார் என்று அறிந்துகொண்டவர்கள் ஆலயத் தலைவர்கள் என்று 12:12 சொல்கிறது. மத்தேயு 21:43 ஒரு படி மேலே போய், ராஜ்யம் 'ஏற்ற கனிகளைத் தருகிற ஜனங்களுக்கு' கொடுக்கப்படும் என்கிறது. அந்தக் கூடுதல் வரியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தேவன் இஸ்ரவேலைத் தள்ளிச் சபையை வைத்தார் என்ற பிற்கால வாசிப்புக்கு அது பெரிதும் பயன்பட்டது.

7. பவுலை, அவர் யாருக்கு எழுதினார் என்பதோடு வாசியுங்கள்

பவுல் யூத மார்க்கத்தை விட்டு வெளியேறி இன்னொரு மதத்தில் சேர்ந்தவர் என்ற எண்ணத்தோடு தொடங்கினால், அவருடைய கடிதங்கள் தலைகீழாகிவிடும். 2 கொரிந்தியர் 11:24இல், யூதர்களால் ஒன்று குறைய நாற்பதடி ஐந்துதரம் பட்டேன் என்கிறார். அது உபாகமம் 25:3இன் வரம்புக்குள் நின்று ஜெபஆலயம் கொடுக்கும் தண்டனை. அதன் அதிகாரத்துக்கு உட்பட்டவனுக்குத்தான் அது கிடைக்கும். ஐந்து முறை அடிபட்டும் அவர் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

கலாத்தியரும் ரோமரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதற்குக் காரணம் கேட்பவர்கள். கலாத்தியரில், விருத்தசேதனம் செய்துகொள்ளும்படி நெருக்கப்பட்ட புறஜாதியாரிடம் அவர் கோபமாகப் பேசுகிறார். ரோமர் 11:13இலோ, 'புறஜாதியாராகிய உங்களுடனே பேசுகிறேன்' என்று சொல்லிவிட்டு, அவர்களுடைய பெருமையை அடக்குகிறார். ஒலிவமர உவமையில் ஒட்டவைக்கப்பட்ட காட்டுக்கிளைக்கு அவர் சொல்வது 11:18: நீ வேரைச் சுமக்கவில்லை, வேர் உன்னைச் சுமக்கிறது. 11:29இல், தேவனுடைய அழைப்பு மாறாதது என்று முடிக்கிறார். ஒன்றை மட்டும் வாசித்துப் பவுலின் கருத்து இதுதான் என்று எழுதுவது மிகப் பரவலான பிழை; கலாத்தியரை வாசித்த அதே நாளில் ரோமர் 9 முதல் 11 வரை வாசித்துவிடுங்கள்.

மிகக் கடினமானது 1 தெசலோனிக்கேயர் 2:14-16. கர்த்தரைக் கொன்ற யூதர் என்று அங்கே வருகிறது. ஆங்கிலம் போன்ற மொழிகளில் இங்கே ஒரு காற்புள்ளியைப்பற்றிய விவாதம் உண்டு: புள்ளியிட்டால் யூதர் எல்லோரும் கொன்றார்கள் என்றாகும், இடாவிட்டால், கொன்றவர்களாகிய அந்த யூதர் மட்டும் என்றாகும். தமிழில் இதே சிக்கல் பெயரெச்சத்துக்குள் மறைந்திருக்கிறது. 'பயிரை மேய்ந்த ஆடுகளைப் பட்டியில் அடைத்தார்கள்' என்றால், ஆடுகள் எல்லாம் மேய்ந்தனவா, மேய்ந்த ஆடுகளை மட்டும் அடைத்தார்களா? எச்சம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. 'இயேசுவைக் கொன்ற யூதர்' என்று தமிழில் சொல்லும்போதெல்லாம், கேட்பவர் தமக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொள்ள நாம் கதவைத் திறந்துவிடுகிறோம்.

சுற்றியுள்ள வாக்கியம் குறுகிய பொருளுக்கே துணைநிற்கிறது. தெசலோனிக்கேயர் தங்கள் சொந்த ஜனங்களால் பாடுபட்டதுபோல, யூதேயாவிலுள்ள சபைகளும் தங்கள் அயலாரால் பாடுபட்டன என்பதே ஒப்பீடு. அந்தச் சபைகளில் இருந்தவர்களும் யூதரே. இந்தப் பகுதியைப் பவுல் எழுதவில்லை, பின்னர் யாரோ செருகினார்கள் என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் நமக்குக் கிடைத்துள்ள கையெழுத்துப் பிரதிகளில் இப்பகுதி இருக்கவே செய்கிறது. ஆகையால் அந்தக் கருத்தைக் கடைசிப் புகலிடமாக்கிக்கொள்ளாமல், உள்ள வாசகத்தோடு மல்லுக்கட்டுவதே நல்லது.

8. பாடுகளின் வரலாற்றில் பழி எப்படி நகர்கிறது என்று பாருங்கள்

நான்கு சுவிசேஷங்களின் பிலாத்துக் காட்சிகளை மாற்கு, மத்தேயு, லூக்கா, யோவான் என்ற வரிசையில் அருகருகே வையுங்கள். மாற்கில் அவன் கூட்டத்தைத் திருப்திப்படுத்த ஒப்புக்கொடுக்கிறான். மத்தேயுவில் கைகளைக் கழுவுகிறான். லூக்காவில் மூன்று முறை குற்றமில்லை என்கிறான். யோவானில் விடுதலையாக்க வகைதேடுகிறான். காலம் செல்லச் செல்ல ரோம அதிகாரியின் பங்கு மங்கி, யூதர் பங்கு முன்னுக்கு வருகிறது. ரோமப் பேரரசுக்குள் வாழ்ந்த ஒரு சிறு சமூகம், தன் ஆண்டவர் ரோமரால் கலகக்காரனாகக் கொல்லப்பட்டார் என்பதைச் சொல்லவேண்டியிருந்த இக்கட்டையும் இதில் சேர்த்து எண்ணுங்கள்.

இந்தச் சித்திரத்தை வெளிச்சான்றுகளோடு ஒப்பிடவேண்டும். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட பிலாத்துவை, யூத எழுத்தாளர்களான பிலோவும் யோசேப்பசும் கடுமையானவனாகவே காட்டுகிறார்கள். சமாரியர்மேல் நடத்திய தாக்குதலை ஒட்டி அவன் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டான். லூக்கா 13:1ம், கலிலேயரின் இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடு பிலாத்து கலந்தான் என்று சொல்கிறது. சிலுவை என்பதே ரோமத் தண்டனை.

இவ்வளவும் முடிந்தபின் மத்தேயு 27:25க்கு வாருங்கள். 'இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக' என்ற வாக்கு மத்தேயுவில் மட்டுமே உண்டு. முந்தைய வசனத்தில் 'கூட்டம்' என்று குறிக்கும் கிரேக்கச் சொல்லை விட்டு, இங்கே முழு மக்களையும் நினைவூட்டும் சொல்லை ஆசிரியர் எடுக்கிறார். அந்த மாற்றம் தற்செயலானதாகத் தோன்றவில்லை. 'எங்கள் பிள்ளைகள்' என்பது அடுத்த தலைமுறை, 70ஆம் ஆண்டின் அழிவைக் கண்ட தலைமுறை. அந்தப் பேரழிவுக்குக் காரணம் தேடிய ஒருவரின் விளக்கம் இது என்று பலர் வாசிக்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. எல்லாத் தலைமுறைக்கும் நீளும் சாபமாக இதை வாசிப்பவர்கள், தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்ற எசேக்கியேல் 18:20க்கும், பாவமன்னிப்புக்காகச் சிந்தப்படும் இரத்தம் என்று இயேசு அதே நூலில் சொல்லும் மத்தேயு 26:28க்கும் பதில் சொல்லவேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கை, இயேசுவின் பாடுகளில் நடந்தவற்றை அன்று வாழ்ந்த யூதர் எல்லோர்மேலும் வேறுபாடின்றியும், இன்றைய யூதர்மேலும் சுமத்தக்கூடாது என்கிறது. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இந்த இரண்டு எல்லைகளைத் தங்கள் குறிப்பேட்டின் மேல்பகுதியில் எழுதிக்கொள்ளலாம்.

9. விடுபட்ட நூல்களை விரைவாகச் சரிபாருங்கள்

அப்போஸ்தலர் நடபடிகளில் இச்சொல் ஏறத்தாழ 80 முறை வருகிறது. பவுலைத் துன்புறுத்தும் யூதரை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், வேதவாக்கியங்களைத் தினந்தோறும் ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரையும் (17:11), நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமுள்ள விசுவாசிகளாகிய பல்லாயிரம் யூதரையும் (21:20) சேர்த்து எழுதுங்கள்.

வெளிப்படுத்தல் 2:9இலும் 3:9இலும் வரும் 'சாத்தானுடைய கூட்டம்' என்ற தொடர் அச்சமூட்டும். ஆனால் வாக்கியத்தை முழுதாகப் படித்தால், குற்றச்சாட்டு அவர்கள் யூதராயிருப்பதல்ல. யூதரென்று சொல்லிக்கொண்டு யூதராயிராமல் இருப்பது. அந்த ஆசிரியருக்கு 'யூதர்' என்பது இழக்க மனமில்லாத மரியாதைப் பெயர். எபிரெயர் நிருபத்தில் அச்சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனாலும் முதலாம் உடன்படிக்கை பழமையாயிற்று என்னும் 8:13 இப்பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. சொல்லைத் தேடினால் மட்டும் போதாது என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

10. எழுதும்போதும் பேசும்போதும் வாக்கியத்தைத் திருத்துங்கள்

வாசிப்பில் கற்றதெல்லாம் மேடையில் ஒரு வாக்கியத்தில் கரைந்துபோவதைக் கண்டிருக்கிறேன். நன்றாக ஆயத்தம் செய்த ஓர் இளைஞர், பெரிய வெள்ளிக்கிழமை செய்தியில் 'யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்' என்று தம்மை அறியாமலே தொடங்கிவிட்டார். நாவில் பழகிய வாக்கியம் குறிப்பேட்டைவிட வேகமானது. ஆகவே எழுதி முடித்தபின் 'யூதர்' என்ற சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, எந்த யூதர், எத்தனை பேர், எப்போது என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

'யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்' என்பதை, 'எருசலேம் ஆலயத் தலைவர்கள் சிலர் ஒப்புக்கொடுக்க, ரோம ஆளுநன் பிலாத்துவின் கட்டளைப்படி சேவகர் அவரைச் சிலுவையில் அறைந்தார்கள்' என்று மாற்றுங்கள். 'யூதர்கள் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை' என்பதை, 'யூதரில் சிலர் ஏற்றனர், பலர் ஏற்கவில்லை. ஏற்ற முதல் தலைமுறையினர் யூதரே' என்று எழுதுங்கள். வாக்கியம் நீளும், அந்த நீளத்தைக் குறைக்காதீர்கள்.

யோவான் 18, 19 அதிகாரங்களை ஆராதனையில் உரத்து வாசிக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், வாசகத்தைத் திருத்தாமல், வாசிக்குமுன் இரண்டு நிமிடம் எடுத்து இங்கே 'யூதர்' என்பது பெரும்பாலும் ஆலய அதிகாரிகளையும் அவர்களோடு நின்றவர்களையும் குறிக்கிறது என்று சபைக்குச் சொல்லிவிடுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் முன்னதாகவே, கிறிஸ்து பிறப்புப் பாடத்திலேயே, இயேசு ஒரு யூதத் தாயின் பிள்ளை என்று சொல்லித் தொடங்குங்கள். பெரிய வெள்ளிக்கிழமை வரும்போது அவர்கள் காதில் அந்தச் சொல் ஏற்கெனவே ஒரு முகத்தோடு இருக்கும்.